துவோல் ஸ்லெங்: நினைவுக் காட்சியகம் காணும் முறை

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கம்போடிய நாட்டிற்குச் செல்லும் தமிழர் பெரும்பாலும் அங்கோர் கோவிலைக் காணவே செல்கின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எடுப்பித்த அப்பெருங்கோவிலைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அந்நாட்டின் தலைநகராகிய நோம்பென்னில் மற்றோர் இடம் உண்டு. அது கோவிலன்று, அரண்மனையன்று, ஒரு பழைய உயர்நிலைப் பள்ளி. மூன்றடுக்குக் கட்டடங்கள் நான்கு, நடுவே ஒரு முற்றம், நிழல் தரும் மரங்கள்; நம் ஊர்ப் பள்ளிகளுள் ஒன்றோ என ஐயுறத்தக்க தோற்றம். அதன் வாயிலிலும் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கின்றன. உள்ளே செல்வோர் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பேச்சின்றி வெளியே வருகின்றனர். அதுவே துவோல் ஸ்லெங் இனக்கொலை நினைவுக் காட்சியகம்.

இத்தகைய இடங்களை எவ்வாறு காண்பது? காண்பதனால் ஆகும் பயன் யாது? வெளிநாட்டுப் பயணம் எளிதாகிவிட்ட இக்காலத்தில், மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் குடும்பத்தோடு செல்லும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை.

நடுகல்லும் நினைவுக் காட்சியகமும்

இறந்தாரை நினைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்து வழிபட்டனர் நம் முன்னோர். ஆயினும் நடுகல் வேறு. நினைவுக் காட்சியகம் வேறு. நடுகல் வீரத்தைப் போற்றுவது. நினைவுக் காட்சியகமோ, போர்க்களம் காணாதவரும் படைக்கலம் ஏந்தாதவருமாகிய மக்கள் அரசின் கையாலோ அரசியற் கூட்டத்தின் கையாலோ கொல்லப்பட்ட கொடுமையை மறவாதிருக்க அமைத்தது. போலந்திலுள்ள ஆஷ்விட்ஸ் முகாம் 1947-இல் இவ்வாறு காட்சியகமாயிற்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை 1997-இலும், ருவாண்டாவின் கிகாலி நினைவகம் 2004-இலும் திறக்கப்பெற்றன.

அரும்பொருளகம் என்னும் சொல் இவற்றுக்குப் பொருந்துவதில்லை. இங்கே அரும்பொருள் எதுவும் இல்லை. இரும்புக் கட்டில், கால் விலங்கு, கிழிந்த ஆடை, ஒளிப்படம் ஆகிய எளிய பொருள்களே உள்ளன. அவற்றின் அழகைக் காண எவரும் செல்வதில்லை. அவை எதற்குச் சான்று என்று அறியவே செல்ல வேண்டும்.

பள்ளி சிறையானமை

துவோல் என்னும் கெமர் மொழிச் சொல்லுக்கு மேடு என்பது பொருள். ஸ்லெங் என்பது நஞ்சுடைய ஒரு மரம். நாம் எட்டி என வழங்குவதும் அதனையே. எனவே துவோல் ஸ்லெங் என்பதை எட்டிமேடு எனத் தமிழில் சொல்லலாம். அங்கே 1960-களின் தொடக்கத்தில் கட்டிய உயர்நிலைப் பள்ளி பிள்ளைகள் பயிலும் இடமாகவே இருந்தது.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் நோம்பென் நகரைக் கைப்பற்றினர். நகர மக்கள் அனைவரையும் நாட்டுப்புறத்துக்கு விரட்டினர். நாணயத்தை ஒழித்தனர், பள்ளிகளை மூடினர், கோவில்களையும் பள்ளிவாசல்களையும் அடைத்தனர். அவர்கள் ஆண்ட மூன்று ஆண்டு எட்டு மாதங்களில், ஏறத்தாழ 80 இலட்சம் மக்களுள் 15 முதல் 20 இலட்சம் பேர் வரை கொலையாலும் பசியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டனர் என அறிஞர் மதிப்பிடுகின்றனர்.

மாணவரற்றுக் கிடந்த எட்டிமேட்டுப் பள்ளியை 1976-இல் ஆட்சியினர் மறைவான சிறையாக்கினர். எஸ்-21 என்பது அதன் குறியீட்டுப் பெயர். வகுப்பறைகளைச் செங்கல்லாலும் பலகையாலும் தடுத்து, ஒருவர் காலை நீட்டிப் படுப்பதற்கே போதாத சிற்றறைகள் ஆக்கினர். அங்கு அடைபட்டோர் 12,000-க்குக் குறையாதவர் எனப் பின்னாளில் நீதிமன்றம் கண்டது. 18,000 வரை இருக்கலாம் என்போரும் உளர். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாமியப் படை நகருள் புகுந்தபோது உயிரோடு எஞ்சியவர் எழுவரே என நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிற்கால ஆராய்ச்சி அவ்வெண்ணிக்கையைச் சற்று உயர்த்தியுள்ளது. எவ்வாறாயினும் உள்ளே சென்றவருள் மீண்டவர் மிகச் சிலரே.

உள்ளே காண்பன

நான்கு கட்டடங்களும் நான்கு பாடங்கள் போல அமைந்துள்ளன. முதற் கட்டடத்தின் அறைகளில் இரும்புக் கட்டில் ஒன்று நடுவே கிடக்கிறது. சுவரில் ஒரு பெரிய படம். 1979 ஜனவரியில் வியட்நாமியச் செய்திப் படப்பிடிப்பாளர் சிலர் பிண நாற்றத்தைப் பின்பற்றி வந்து இவ்விடத்தைக் கண்டனர். அன்று இவ்வறைகளில் இருந்தவாறே எடுத்த படங்கள் இவை. ஓடுமுன் காவலர் கொன்றுபோட்ட பதினால்வரின் கல்லறைகள் முற்றத்தில் உள்ளன.

இரண்டாம் கட்டடத்தில் சிறைப்பட்டோர் ஒளிப்படங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மூன்றாம் கட்டடத்தின் முகப்பு முழுவதும் முள்வேலியால் பின்னப்பட்டுள்ளது. துன்பம் பொறாத கைதிகள் மேல்மாடியிலிருந்து குதித்து உயிர்விடாதிருக்க இட்ட வேலி அது. இறக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. நான்காம் கட்டடத்தில் வதைக் கருவிகளும், வான் நாத் என்னும் ஓவியர் தீட்டிய படங்களும் உள்ளன. அவர் அச்சிறையில் கிடந்தவர். கெமர் ரூஜ் தலைவன் பொல் பொட்டின் உருவத்தை வரையத் தெரிந்ததால் உயிர் பிழைத்தவர். விடுதலைக்குப் பின், தாம் கண்டவற்றையும் பிற கைதிகளிடம் கேட்டவற்றையும் ஓவியமாக்கினார், 2009-இல் நீதிமன்றத்தில் சான்று கூறினார், 2011-இல் மறைந்தார்.

முற்றத்தில் உயரமான மரச் சட்டம் ஒன்று நிற்கிறது. மாணவர் உடற்பயிற்சிக்காக அமைத்த அதில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டனர். பிள்ளைகளுடைய ஆடுகளத்தில் நிற்கிறோம் என்பதைக் காண்போர் மறந்துவிட இயலாது.

நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுவங் எக் என்னுமிடத்துக்குக் கைதிகளை இரவில் கொண்டுபோய்க் கொன்றனர். தோட்டாவை மிச்சப்படுத்த வேண்டி உழவுக் கருவிகளையே கொலைக் கருவிகளாக்கினர். அங்குக் கண்டறிந்த 129 புதைகுழிகளுள் 86 மட்டும் தோண்டப்பெற்றன. 8,900-க்கு மேற்பட்டோர் எச்சங்கள் கிடைத்தன. 1988-இல் எழுப்பிய தூபியில் மண்டையோடுகள் கண்ணாடிக்குள் அடுக்கப்பட்டுள்ளன. பெருமழை பெய்தால் இன்றும் எலும்புத் துண்டுகளும் துணிக் கந்தல்களும் மண்ணிலிருந்து மேலெழுகின்றன.

படம் எடுத்தவன் யார்?

இவ்விடத்தில் காண்போர் நெஞ்சை மிகுதியும் தாக்குவன சிறைப்பட்டோர் ஒளிப்படங்களே. முதியோர், இளைஞர், கைக்குழந்தையோடு தாயர், பத்து வயது நிரம்பாச் சிறுவர் எனப் பலரும் நம்மை நேரே நோக்குகின்றனர். ஆனால் ஒன்றை ஆழ்ந்து எண்ண வேண்டும். அவர்கள் நம்மை நோக்கவில்லை. தம்மைப் படம் எடுத்த சிறைக் காவலனை நோக்கினர். அவன் நின்ற இடத்திலேயே இன்று நாம் நிற்கிறோம். அப்படங்கள் அவர்களை நினைப்பதற்காக எடுத்தவை அல்ல. கைதிக் கணக்கை ஒழுங்காக வைப்பதற்காக எடுத்தவை. கொன்றவனின் பதிவே இறந்தவரின் ஒரே நினைவாக எஞ்சியிருக்கிறது. இம்முரண்பாட்டை உணராமல் படங்களின் முன் நிற்பவர் அவற்றைக் கண்டும் காணாதவரே ஆவர்.

2021 ஏப்ரலில் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் இப்படங்களுட் சிலவற்றுக்கு வண்ணம் தீட்டியதோடு, கைதிகளின் முகத்தில் புன்னகையையும் சேர்த்துவிட்டார். இணைய இதழ் ஒன்றில் அவை வெளியாயின. இறந்தோர் உறவினர் வருந்தினர். கம்போடியப் பண்பாட்டு அமைச்சு கண்டித்தது. இதழ் படங்களை நீக்கியது. வண்ணம் சேர்த்தால் இக்காலத்தார்க்கு நெருக்கமாகும் என ஒருவர் கருதலாம். ஆனால் சிரியாத முகத்தைச் சிரிக்க வைப்பது, அவர் பட்ட துன்பத்தை இல்லையென்று சொல்வதாகும். சான்றைத் திருத்துவோர் நன்னோக்கம் உடையவராயினும் இறந்தவர்க்கு இரண்டாம் முறை தீங்கு செய்கின்றனர்.

காட்சியகச் சுவரில், சிரிக்கும் முகத்தைச் சிவப்புக் கோட்டால் அடித்த பலகை ஒன்று உண்டு. இங்கே சிரிக்க வேண்டா என்பது அதன் பொருள். அத்தகைய பலகை தேவைப்படுகிறது என்பதே வருவோர் சிலரின் நடத்தையைக் காட்டுகிறது. எலும்புத் தூபியின் முன் நின்று தம்மைத் தாமே படம் பிடிப்போரை அங்குக் காணலாம். அவர்கள் கொடியவர் அல்லர். எங்கு வந்திருக்கிறோம் என்று அறியாமல் வந்தவர்.

அமைத்தவர் யார்?

நூலைப் படிக்கும்போது ஆசிரியர் யார், எக்காலத்தவர், எந்நோக்கத்தோடு எழுதினார் என்று கேட்பது தமிழாசிரியர் இயல்பு. பாடத்தில் இடைச்செருகல் உண்டா என்றும் ஆராய்வர். நினைவுக் காட்சியகத்தையும் அவ்வாறே படித்தல் வேண்டும்.

துவோல் ஸ்லெங் காட்சியகத்தை 1979-இல் அமைத்தவர், வியட்நாம் துணையோடு ஏற்பட்ட புதிய அரசினர். சைகோன் நகரில் போர்க் குற்றக் காட்சியகம் அமைத்த மாய் லாம் என்னும் வியட்நாமிய அதிகாரியே இங்கும் வழிகாட்டினார். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த ஓர் அரசு, மற்றொரு பொதுவுடைமைக் கட்சியின் கொடுமையை உலகுக்குக் காட்ட வேண்டிய நிலை. தம் படையெடுப்பு நேர்மையானது எனவும், கொடுமை பொல் பொட் முதலிய சிலருடையதே எனவும் காட்டுவது அவர் நோக்கம். ஆகவே காட்டிய சான்றுகள் பொய் என்பது பொருளன்று. சான்றுகள் உண்மை, அவற்றை அடுக்கிய கையில் நோக்கம் இருந்தது என்பதே கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு: கைதிகளுக்கு விதித்த பத்துக் கட்டளைகள் எழுதிய பலகை முற்றத்தில் உள்ளது. அடிபடும்போதும் அழக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அக்கட்டளைகள் காட்சியகம் அமைத்த வியட்நாமியர் புனைந்தவை எனச் சிறைத் தலைவன் 2009-இல் தன் வழக்கில் கூறினான். குற்றவாளியின் சொல்லை அப்படியே ஏற்கவும் வேண்டா. கேளாமல் தள்ளவும் வேண்டா.

மற்றோர் உண்மை இன்னும் கடினமானது. எஸ்-21 சிறையில் மாண்டவருள் பெரும்பகுதியினர் கெமர் ரூஜ் இயக்கத்தையே சேர்ந்தவர். ஐயத்தால் பிடிபட்ட கட்சித் தொண்டர், படைவீரர், அவர்தம் மனைவி மக்கள். அவருள் சிலர் தாமும் பிறரைத் துன்புறுத்தியிருத்தல் கூடும். அதனால் அவர்க்கு நேர்ந்தது நியாயமாகி விடாது. ஆயினும் தீயோர் ஒருபுறம், நல்லோர் ஒருபுறம் எனப் பிரித்துக் காணும் எளிய கதை இங்கே பொருந்தாது.

எலும்புகளைப் பற்றியும் கருத்து வேறுபாடு எழுந்தது. மண்டையோடுகளால் கம்போடிய நாட்டுப் படம் ஒன்று இக்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. பௌத்த முறைப்படி எரியூட்டினாலன்றி இறந்தோர் அமைதி பெறார் என மன்னர் சிகானுக் வற்புறுத்தினார். எரித்துவிட்டால் சான்று அழியும் என அரசினர் மறுத்தனர். முடிவில் 2002-இல் அப்படம் அகற்றப்பட்டது. மண்டையோடுகளை எரியூட்டாமல் தனியே வைத்தனர். 2015-இல் முற்றத்தில் கருங்கற் பலகைகளில் 12,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் பொறிக்கப்பெற்றன. மண்டையோடு எண்ணிக்கையைக் காட்டும். பெயர் மனிதரைக் காட்டும். காண்போர் சற்று நேரமேனும் அப்பெயர்களின் முன் நின்று வருதல் நன்று.

நினைவகம் மறைப்பதும் உண்டு. ஜகார்த்தாவிலுள்ள லுபாங் புவாயா என்னுமிடத்தில், 1965-இல் கொல்லப்பட்ட படைத்தலைவர் அறுவருக்கும் இளைய அதிகாரி ஒருவருக்கும் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பியுள்ளனர். அக்கொலையைத் தொடர்ந்து, பொதுவுடைமையர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டோர் ஐந்து இலட்சத்துக்குக் குறையார் என வரலாற்றறிஞர் பலர் மதிப்பிடுகின்றனர். அவர்களுக்கு அங்கு இடமில்லை. ஆகவே எந்நாட்டு நினைவகத்திலும், இங்கே யார் பேசுகிறார், யார் பேசப்படவில்லை என்னும் இரண்டு வினாக்களையும் கேட்டே தீர வேண்டும்.

காண்போர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, படித்துச் செல்லுதல். வரலாறு அறியாமல் செல்வோர்க்குக் காட்சியகம் அச்சத்தைத் தரும், அறிவைத் தராது. இரண்டாவது, காலம் ஒதுக்குதல். காலையில் அரண்மனை, நண்பகலில் சிறை, மாலையில் சந்தை எனப் பயணத் திட்டத்தில் நெருக்கி வைப்பது தகாது. மூன்றாவது, படம் எடுப்பதில் அடக்கம். பலகையில் தடை இருப்பினும் இல்லாவிடினும், தம் வீட்டு இறப்பில் எவ்வாறு நடப்போமோ அவ்வாறு நடப்பதே அளவுகோல்.

நான்காவது, சிறுவரைப் பற்றியது. முதற் கட்டடத்துப் படங்களும் வதைக் கருவிகளும் இளம் பிள்ளைகள் காணத் தக்கவை அல்ல. மேல்வகுப்பு மாணவரையும் முன்னரே பேசி ஆயத்தம் செய்து, திரும்பியபின் மீண்டும் பேச வைத்தல் ஆசிரியர் கடமை. ஐந்தாவது, நாட்டு மக்களோடு பேசும் முறை. வழிகாட்டுவோர் பலரின் குடும்பத்திலும் இழப்பு உண்டு. அவர் தாமே சொன்னால் கேட்கலாம். துருவித் துருவிக் கேட்பது புண்ணைக் கிளறுவதாகும். சும் மே, பூ மெங் என்னும் உயிர் பிழைத்தோர் இருவர் பல ஆண்டுகள் அம்முற்றத்தில் அமர்ந்து, தம் வரலாற்று நூல்களை வருவோர்க்கு விற்று வந்தனர். அவர்களைக் காட்சிப்பொருளாகக் கண்டு சென்றவரும் உண்டு. அருகில் அமர்ந்து செவிசாய்த்தவரும் உண்டு.

ஆசிரியர் எண்ண வேண்டியது

இக்காட்சியகம் ஆசிரியர்க்கு மட்டும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. எஸ்-21 சிறையின் தலைவன் டூச் எனப்பட்ட காங் கெக் இயு முன்னாள் கணித ஆசிரியன். அவனுடைய துணைவருள் சிலரும் ஆசிரியராய் இருந்தவரே. பொல் பொட்டும் நோம்பென் தனியார் பள்ளியில் பாடம் சொன்னவன். கைதிகள் வதையால் எழுதித் தந்த பொய் வாக்குமூலங்களைப் படித்து, மாணவர் ஏட்டைத் திருத்துவது போல ஓரங்களில் சிவப்பு மையால் குறிப்பெழுதினான் டூச். இவ்விடம் போதாது, மீண்டும் எழுதுக என்பன போன்றவை அக்குறிப்புகள். மீண்டும் எழுதுக என்றால் மீண்டும் வதைக்க என்பது பொருள். ஒழுங்கு, நேரந்தவறாமை, கணக்குப் பிசகாமை, பதிவுகளைப் பேணுதல் என நாம் பள்ளியில் போற்றும் பண்புகள் யாவும் அச்சிறையில் இருந்தன. இரக்கம் ஒன்றே இல்லை.

அவ்வாறு பேணிய பதிவுகளே பின்னர் அவனுக்கு எதிராகச் சான்று கூறின. 2010-இல் அவனுக்கு 35 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2012-இல் மேல்முறையீட்டில் அது வாழ்நாள் தண்டனையாயிற்று. 2020-இல் அவன் இறந்தான். அச்சிறையின் ஆவணங்களை 2009-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2025 ஜூலையில் துவோல் ஸ்லெங், சுவங் எக், எம்-13 என்னும் பழைய சிறையிடம் ஆகிய மூன்றும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கோர் இருக்கும் அதே பட்டியலில் இன்று எட்டிமேட்டுப் பள்ளியும் இருக்கிறது.

ஆனால் கம்போடியப் பிள்ளைகள் இவ்வரலாற்றைத் தம் வகுப்பறையில் கற்க நெடுங்காலம் ஆயிற்று. பெற்றோர் சொன்ன கதையைப் பிள்ளைகள் நம்பாத நிலையும் இருந்தது. 2007-இல்தான் அவ்வாட்சியின் வரலாறு தனி நூலாகப் பள்ளிகளுக்கென வெளிவந்தது. 2009 முதல் அது உயர்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பெற்றது. அதனைக் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்க்குப் பயிற்சியும் தரப்பட்டது. கொன்றோரின் மக்களும் கொல்லப்பட்டோரின் மக்களும் ஒரே பலகையில் அமர்ந்து கேட்கும் வகுப்பில், பகைமையை மூட்டாமலும் உண்மையை மறையாமலும் பாடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவ்வாசிரியர்களுடையது. அதனினும் கடினமான ஆசிரியப் பணி வேறொன்றைக் கூறுவது அரிது.

வெளிநாட்டிலிருந்து சென்று காண்போர்க்கு அத்துணைப் பெரும் பொறுப்பு இல்லை. அறிந்து செல்வதும், அடங்கி நிற்பதும், கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிறர்க்குச் சொல்வதுமே அவர் கடமை. அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கோருக்குச் செல்லத் திட்டமிடும் ஆசிரியர், நோம்பென்னுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்கலாம். திரும்பி வந்து தம் வகுப்பறைக்குள் நுழையும்போது, அவ்வறையையும் மாணவர் முகங்களையும் முன்னிலும் அக்கறையோடு அவர் பார்ப்பார்.